பொது நிலத்தை மீட்கும்போது மேய்ச்சலைக் கையாள்வது எப்படி

புறம்போக்கிலோ ஏரி நீர்ப்பிடிப்பிலோ குன்றின் அடிவாரத்திலோ ஊர் கூடிக் கன்று நடும்போது, அவை தண்ணீரின்றிக் காய்ந்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்காகத் தண்ணீர் வண்டிக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், ஆள் வைக்கிறார்கள். அதே நிலத்தில் நாள்தோறும் மேயும் ஆடுமாடுகளைப் பற்றிய பேச்சு மட்டும், கன்றுகள் இலையற்ற குச்சிகளாக நிற்கும்போதுதான் தொடங்குகிறது. அப்போது தொடங்கும் பேச்சு பெரும்பாலும் சண்டையாகவே முடியும். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மானாவாரிப் பகுதிகளில் ஊர்ப் பொது நிலத்தை மீட்க முனைவோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேலி போடும் முறைகளும் இதில் உண்டு. ஆனால் வேலிக்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே முதலிடம் தந்திருக்கிறேன். மேய்ப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் போட்ட வேலி ஒரு கோடையைத் தாண்டுவது அரிது.

மேய்ச்சல் கணக்கு

நிலத்தை அளப்பதற்கு முன், அங்கே யாருடைய கால்நடைகள், எந்தப் பருவத்தில், எந்த வழியாக வந்து மேய்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கூட்டம் போட்டுக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. கூட்டத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த நிலமும் கறவை மாடும் உள்ளவர்கள். பத்துப் பதினைந்து வெள்ளாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்களும், கூலிக்கு மேய்க்கும் முதியவர்களும் அந்த நேரத்தில் ஆட்டோடு வெளியில் இருப்பார்கள், அல்லது கூட்டத்தின் ஓரத்தில் பேசாமல் நின்றுவிட்டுப் போவார்கள். பொது நிலம் மூடப்பட்டால் முதலில் அடிபடுவது அவர்களே. ஆகவே காலையில் ஆடுகள் பட்டியை விட்டு வெளியேறும் நேரத்தில் அவர்களோடு நடந்து போய், எங்கே தண்ணீர் காட்டுகிறார்கள், எந்த மர நிழலில் மந்தையை அமர்த்துகிறார்கள், எந்த ஓடையைத் தாண்டித் திரும்புகிறார்கள் என்பதை நேரில் பார்த்துக் குறிப்பதே முறை. ஒரு மழைக்கால நாளும் ஒரு கோடை நாளும் அப்படி நடந்தால், நிலத்தின் எந்தப் பகுதியை மூடலாம், எதை மூடினால் ஊரே எதிர்க்கும் என்பது தெளிவாகும்.

அடுத்து எண்ணிக்கை. ஒரு வெள்ளாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ பசுந்தீவனமும், வளர்ந்த மாட்டுக்குச் சுமார் 25 கிலோவும் தேவைப்படும். நூறு ஆடுகளும் இருபது மாடுகளும் நம்பியிருக்கும் நிலத்தை மூடுகிறோம் என்றால், நாளொன்றுக்கு 900 கிலோ தீவனத்தைப் பற்றி முடிவெடுக்கிறோம் என்று பொருள். அதில் பாதி வேறிடங்களிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதிக்கு விடை சொல்லாமல் நிலத்தை மூடக்கூடாது. விடை சொல்லப்படாவிட்டால் அந்த மந்தை பக்கத்து ஊர்ப் பொது நிலத்துக்கோ, அருகிலிருக்கும் காப்புக்காட்டுக்கோ போகும். நம் நிலம் பசுமையாகும், அவர்களுடையது அழியும். இதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியூர் மந்தைகளை மறந்துவிடக் கூடாது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக மாவட்டம் தாண்டிப் போகிறார்கள். ஒரே வழியில் ஆண்டுதோறும் வருகிற அவர்கள், போன ஆண்டு திறந்திருந்த நிலம் இந்த ஆண்டு மூடியிருப்பதை வந்த பிறகுதான் அறிவார்கள். எந்த மாதத்தில் வருவார்கள் என்பதைக் கிடை போடச் சொல்லும் விவசாயிகளிடம் கேட்டறிந்து, முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். மந்தை கடந்து போக அகலமான வழியையும் தண்ணீர் குடிக்க ஓர் இடத்தையும் வேலிக்கு வெளியே விட்டுவையுங்கள். தண்ணீர்த் துறையை மறித்துப் போட்ட வேலியை மந்தை எப்படியும் உடைக்கும்.

எந்த மாதத்தில் நெருக்கடி

மேய்ச்சல் நெருக்கடி கோடையில்தான் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் வயல்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. தாளும் வரப்புப் புல்லும் கால்நடைகளுக்குக் கிடைக்கின்றன. பொது நிலத்துக்கு அப்போது சற்று ஓய்வு. பங்குனி, சித்திரையில் எங்கும் ஒன்றும் இல்லாமல் போகும்போது நெருக்கடி ஏறுகிறது. ஆனால் கவனிக்க வேண்டிய இன்னொரு காலம் ஆவணி முதல் மார்கழி வரை. வயல்களில் பயிர் நிற்பதால் அங்கே ஆடுமாடு இறங்க முடியாது. ஊரின் மந்தை முழுவதும் பொது நிலத்துக்குள் ஒதுக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி நாம் கன்று நடுவதும் இதே மாதங்களில்தான். கால்நடைகளுக்கு வேறு போக்கிடமே இல்லாத நேரத்தில் அவற்றின் கடைசி இடத்தில் இளங்கன்றுகளை வைக்கிறோம் என்பதை உணர்ந்தால், தீவன ஏற்பாடு எந்த மாதத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஆகையால் நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மூடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு, அல்லது நான்கில் ஒரு பங்கு போதும். மூடும் பகுதியில் முதல் மழைக்கே கொழுக்கட்டைப்புல்லையும் முயல்மசால் என்ற தீவனப் பயிரையும் விதைத்தால், கன்றுகள் வளர்வதற்கு முன்பே அறுத்துக் கொடுக்கப் புல் கிடைக்கும். அறுத்துக்கொண்டு போகும் உரிமை, அந்த நிலத்தில் முன்பு மேய்த்த குடும்பங்களுக்கு முதலில் இருக்க வேண்டும். வேலிமசால், அகத்தி போன்றவற்றைக் கொல்லைப்புறத்திலும் கிணற்றடியிலும் வளர்க்க விதை கொடுத்தால், ஆடு வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஓரளவு கைகொடுக்கும்.

ஊரை நம்பவைக்க நான் எப்போதும் பரிந்துரைப்பது ஒரு சிறிய சோதனைக் கட்டம். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில், பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு சதுரத்தை முள்ளால் நன்றாக அடைத்துவிட்டு, அதில் எதையும் நடாமல் விட்டுவிடுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கட்டத்துக்கு உள்ளே முழங்கால் உயரப் புல்லும், வெளியே கட்டாந்தரையும் அருகருகே தெரியும். உள்ளே இருப்பதை அறுத்து எடை போட்டுக் காட்டுங்கள். மேய்ப்பவருக்குப் புல்லின் மதிப்பை வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்த நிலம் இவ்வளவு தரக்கூடியது என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும்.

நிலத்தின் பதிவும் ஊரின் தீர்மானமும்

கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, நிலம் மேய்க்கால் புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா, தரிசா என்பதை உறுதி செய்யுங்கள். நில அளவரைக் கொண்டு எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள். பொது நிலத்தின் ஓரங்களில் ஆக்கிரமிப்பு இருப்பது வழக்கம். ஆக்கிரமித்தவரே மேய்ப்பவர்களைத் தூண்டிவிடுவதும் நடக்கும். பதிவில் மேய்ச்சலுக்கென ஒதுக்கிய நிலத்தை நிரந்தரமாக வேறொன்றாக மாற்ற ஊர்க்குழு ஒன்றுக்கு அதிகாரம் இல்லை; புல்லை மீட்டு மேய்ச்சலையே வளப்படுத்துகிறோம் என்ற நோக்கம் தீர்மானத்தில் எழுத்தாக இருக்கட்டும். காப்புக்காட்டை ஒட்டிய நிலமானால் வனத்துறையிடம் முன்னரே பேசிவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமைகளில் ஒன்றாக ஏற்கிறது என்பதை மறந்து யாரும் திட்டம் தீட்டக்கூடாது.

தீர்மானத்தைக் கிராம சபையில் நிறைவேற்றுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எந்தப் புல எண், எந்தப் பகுதி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை மூடப்படுகிறது, புல் அறுக்கும் உரிமை யாருக்கு, அத்துமீறினால் என்ன, எப்போது திறக்கப்படும். திறக்கும் நாள் எழுதப்படாத தீர்மானத்தை மேய்ப்பவர்கள் நம்புவதில்லை. வேலி போட்ட பொது நிலம் பிறகு யாரோ ஒருவருடைய பெயருக்கு மாறிய கதைகள் எல்லா வட்டாரத்திலும் உண்டு. அவர்களுடைய சந்தேகம் நியாயமானது.

ஊர்க் கட்டுப்பாட்டின் பலத்துக்குச் சிறந்த சான்று அரியானாவின் சுகோமஜ்ரி கிராமம். சண்டிகரின் சுக்னா ஏரி விரைவாகத் தூர்ந்துகொண்டே வந்தது. அதன் நீர்ப்பிடிப்பான சிவாலிக் குன்றுகளில் மண் ஏன் அரிக்கிறது என்று 1970களில் ஆராய்ந்தபோது, ஆடுமாடு மேய்ந்து மொட்டையாகிப்போன சரிவுகள் காரணம் எனத் தெரியவந்தது. மண்வளப் பாதுகாப்பு அறிஞர் பி. ஆர். மிஸ்ரா அங்கே கம்பி வேலி போடவில்லை. ஊருக்கு மேலே சிறிய மண் அணை கட்டி, அதன் தண்ணீரை நிலம் இல்லாத குடும்பம் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கிட ஏற்பாடு செய்யப்பட்டது. பதிலுக்குக் குன்றில் மேய்ச்சலை நிறுத்திக்கொள்ள ஊர் ஒப்புக்கொண்டது. குன்று அழிந்தால் தன் அணை தூர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொருவரும் காவல்காரர் ஆனார். நாளடைவில் ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. ஊர்க் கட்டுப்பாடே வேலியாக நிற்பதைக் குறிக்கும் சமூக வேலி என்ற சொல் பரவியது அதன் பிறகுதான்.

மகாராட்டிரத்தின் ஹிவரே பஜாரிலும் 1990களில் திறந்த மேய்ச்சலை ஊரே தடை செய்தது. ஆனால் புல்லை அறுத்துக்கொண்டு போக அனுமதி இருந்தது. மண்ணும் நீரும் சேமிக்கப்பட்டதால் புல் பெருகி, ஊரின் பால் உற்பத்தி பல மடங்கு உயர்ந்தது. இரண்டு ஊர்களிலும் தடையோடு சேர்த்தே வேறொன்று கையில் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். கறவை மாடு வைத்திருப்பவர் இந்த மாற்றத்தில் எளிதாக லாபம் அடைகிறார். ஆடு மட்டும் வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் ஆட்டை விற்றுவிட்டு மாடு வாங்க முடியாது. நம் ஊர்களில் அத்தகைய குடும்பங்களுக்குப் புல்லில் கூடுதல் பங்கு, காவல் வேலை, நாற்றங்கால் வேலை ஆகியவற்றைத் தீர்மானத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

வேலி

வேலியின் செலவு நிலத்தின் பரப்பைவிட அதன் சுற்றளவைப் பொறுத்தது. சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்றிச் சுமார் 835 அடி வேலி வேண்டும். சதுரமான 25 ஏக்கருக்குச் சுமார் 4,175 அடி; ஏக்கருக்கு 167 அடிதான். ஆகவே ஆங்காங்கே சிறு துண்டுகளை அடைப்பதைவிட, ஒரே தொகுதியாக, கூடியவரை சதுரத்துக்கு நெருங்கிய வடிவில் எடுப்பது பணத்தை மிச்சப்படுத்தும். நீளமாக, வால் போல நீண்ட துண்டுகள் வேலிக்கும் காவலுக்கும் தொல்லை.

எந்த விலங்குக்காக வேலி என்பதைப் பொறுத்தே வகையை முடிவு செய்ய வேண்டும். மாடு நாக்கால் புல்லைச் சுருட்டி இழுக்கும், இளமரத்தில் உடலைத் தேய்த்து முறிக்கும். ஆனால் சாதாரணத் தடையைக் கண்டால் திரும்பிவிடும். செம்மறி தரையோடு தரையாகக் கடித்து மேயும், எளிதில் தாண்டாது. வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று ஐந்தடி ஆறடி உயரத் தழையையும் எட்டும், சந்தில் நுழையும், சரிந்த மரத்தில் ஏறும். வெள்ளாட்டைத் தடுக்கும் வேலி மற்ற இரண்டையும் தடுக்கும்.

முள்கம்பி வேலிக்கு ஏழடிக் கல்தூணில் இரண்டடியைப் புதைத்து, எட்டு முதல் பத்தடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம். மாட்டுக்கு நான்கு வரிசைக் கம்பி போதும். ஆட்டுக்குக் கீழ் வரிசைகளை நெருக்கமாக ஓட்டி, இடையில் முள்ளைச் செருக வேண்டும். அல்லது நான்கடிக்குக் கம்பி வலை. கம்பி திருடு போகும், தூண் சாயும், ஒவ்வோர் ஆண்டும் பழுது பார்க்கப் பணம் வேண்டும். பழுதுக்கு நிதி இல்லாத ஊர் கம்பி வேலியைத் தொடாமலிருப்பதே மேல். மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பானது. மனிதரையும் விலங்கையும் கொல்லும். அதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைப்பது மிக மலிவான வழி. அடர்த்தியாக, வெட்டிய அடிப்பக்கம் உள்நோக்கியும் கிளைப்பக்கம் வெளிநோக்கியும் இருக்கும்படி அடுக்கி, மேலே கல் வைத்து அழுத்தினால் ஒரு பருவம் தாங்கும். பிறகு கரையான் அரித்துவிடும். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. காய் முற்றிய கிளைகளைக் கொண்டு வராதீர்கள். சீமைக்கருவேல இலையை ஆடுமாடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை, ஆனால் இனிப்பான காயை விரும்பித் தின்கின்றன. வயிற்றுக்குள் போன விதை சாகாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து முளைக்கிறது. மேய்ந்து மொட்டையான நிலங்களில் மற்றச் செடிகள் அழிய, இது மட்டும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். மீட்கும் நிலத்துக்குள் நம் கையாலேயே அதைக் கொண்டுபோய் விதைக்கக் கூடாது.

முள் அடைப்பு ஒரு பருவத்துக்குத் தாங்கும்போதே, அதன் உள்ளோரத்தில் உயிர்வேலியை நட்டுவிடுங்கள். கொங்குப் பகுதியில் தலைமுறைகளாக இருக்கும் கிளுவை வேலியே இதற்கு முன்மாதிரி. கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, மழைக்குச் சற்று முன் நெருக்கமாக ஊன்றினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் முள்ளோடு கூடிய சுவராக அடையும். திருகுகள்ளியும் இரயில் கற்றாழையும் வறண்ட மண்ணில் தாங்கும். நொச்சியும் ஆடாதொடையும் ஆடு வாய் வைக்காதவை, ஆனால் முள் இல்லாததால் அவை தனியாகத் தடையாகா. இவற்றைக் கலந்து இரண்டு வரிசையாக வைப்பது நல்லது.

கால்நடைத் தடுப்பு அகழி மாட்டுக்கும் செம்மறிக்கும் ஏற்றது. மேலே நான்கடி அகலமும் மூன்றரை அடிக்குக் குறையாத ஆழமுமாக வெட்டி, மண்ணை உட்புறத்தில் கரையாகக் கொட்டி, அந்தக் கரைமேல் கற்றாழையும் பனை விதையும் ஊன்றலாம். சரிவின் போக்கிலேயே நீளமாக அகழி வெட்டினால் முதல் பெருமழையில் அது ஓடையாகி, காக்க வந்த மண்ணையே அடித்துக்கொண்டு போகும். ஆகவே சிறிது தூரத்துக்கு ஒருமுறை வெட்டாத மண்ணைத் தடுப்பாக விட்டு, தண்ணீர் துண்டு துண்டாகத் தேங்கும்படி அமையுங்கள். ஆடு அந்தத் தடுப்பைப் பாலமாக்கிக்கொள்ளும் என்பதால் அங்கே மட்டும் முள்ளைக் குவித்துவிட வேண்டும். உள்ளே விழுந்த கன்றுக்குட்டி ஏறி வர ஒரு முனையைச் சரிவாக விடுங்கள். மூன்று மழைக்குள் அகழி தூர்ந்துவிடும். அதற்குள் கரைமேல் உள்ள உயிர்வேலி எழுந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு அருகில் 1968இல் தொடங்கிய ஆரோவில்லில், செம்மண் அரித்து ஓடைகள் விழுந்து மரமின்றிக் கிடந்த மேட்டு நிலம் இன்று உலர் பசுமைமாறாக் காடாக நிற்கிறது. அங்கும் மழைநீரைத் தடுக்கும் கரைகளும் ஆடுமாடுகளைத் தடுக்கும் வேலியும் முதலில் வந்தன. காடு அவற்றின் பின்னால் வந்தது.

மந்தைவெளியிலும் சாலையோரத்திலும் தனித்தனியாக நடும் ஆல், அரசு, இலுப்பைக்குச் சுற்றுவேலி பொருந்தாது. அவற்றுக்கு ஐந்தடி உயர மூங்கில் கூண்டு வேண்டும். விட்டம் இரண்டடிக்குக் குறைந்தால் ஆடு வாயை நுழைத்து நுனியைக் கடித்துவிடும். பச்சை நிழல்வலையைச் சுற்றுவது பயனற்றது, ஆடு கொம்பால் இழுத்துவிடும். பசுஞ்சாணத்தைக் கரைத்து இலைகளில் தெளித்தால் அடுத்த மழை வரை ஆடுமாடு வாய் வைக்கத் தயங்கும். நட்ட முதல் வாரங்களுக்கு இது நல்ல துணை, ஆனால் வேலிக்கு மாற்று ஆகாது.

படல்களைப் பற்றி ஒரு சொல். விறகு பொறுக்கவும் கோவிலுக்குப் போகவும் மக்கள் நடந்த வழியை அடைத்துவிட்டால், அந்த இடத்தில் வேலி பிரிக்கப்படும். ஆள் மட்டும் திரும்பி நுழையக்கூடிய வளைந்த இடைவெளியை அங்கே விட்டுவிடுங்கள். புல்கட்டு ஏற்றிய வண்டிக்குத் தனியே ஒரு படல் போதும்.

முட்புதரை அழிக்காதீர்கள்

நிலத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபியை விட்டுக் காரை, சூரை, இலந்தைப் புதர்களைத் தோண்டி எறிவது, நம் ஊர்களில் நடக்கும் மீட்பு வேலைகளில் மிக வருந்தத்தக்க பழக்கம். அந்தப் புதர்களே இயற்கையின் கூண்டுகள். ஒரு சூரைப் புதரை விலக்கிக் குனிந்து பாருங்கள்: சுற்றிலும் தரை நக்கப்பட்டிருக்கும், உள்ளே, முள்ளுக்கு நடுவே, ஒரு வேம்போ உசிலோ பறவை எச்சத்திலிருந்தோ காற்றில் வந்த விதையிலிருந்தோ முளைத்து, நுனி மட்டும் வெளியே வரும் வரை பத்திரமாக வளர்ந்துகொண்டிருக்கும். நாமும் அதையே செய்யலாம். புதரின் நிழற்பக்கத்தில் விதையை ஊன்றினால் கூண்டின் செலவே இல்லை.

அதே போல, தரையோடு கடித்துக் கடித்து மெத்தை போலத் தடித்துக் கிடக்கும் செடிகளைத் தேடுங்கள். அவை பல இடங்களில் பழைய மரங்களின் உயிருள்ள தூர்கள்; வேர் ஆழமாக இருக்கும். இரண்டு மழைக்கு வாய் படாமல் பார்த்துக்கொண்டு, கிளைத்து வருவனவற்றில் வலுவான ஒன்றிரண்டை மட்டும் விட்டுக் கழித்தால், நட்ட கன்றைவிட வேகமாக மரமாகும். நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் 1980களில் இதே வழியில், கன்று நடாமல், வயல்களில் மறைந்திருந்த தூர்களை வளரவிட்டே மரங்களை மீட்டார்கள்.

நடுவதானால் வெளி வளையத்தில் கால்நடைகள் விரும்பாத புங்கம், சரக்கொன்றை, ஆவாரை, நொச்சி, பனை ஆகியவற்றை வையுங்கள். ஆடு தேடி வந்து தின்னும் வாகை, பூவரசு, ஆச்சா போன்றவை நடுவில் இருக்கட்டும், அல்லது இரண்டாம் ஆண்டில் நடப்படட்டும்.

காவலும் தடயமும்

காவலரை மேய்க்கும் குடும்பங்களிலிருந்தே தேர்ந்தெடுங்கள். யாருடைய ஆடு எது என்பதும், எந்த நேரத்தில் எங்கே வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்பார்கள். ஒருவரை முழுநாளும் வைப்பதைவிட இருவரை அரைநாள் வீதம் வைப்பது சிறந்தது, ஏனெனில் காவலர் சாப்பிடப் போகும் உச்சிவேளையிலும், மந்தை திரும்பும் மாலையிலும்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. திருவிழா, மாட்டுப்பொங்கல் போன்ற நாள்களுக்கு மாற்று ஆளை முன்பே பேசி வையுங்கள். கூலியை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும். கூலி நிலுவையில் இருக்கும் காவலருக்கு நிலத்தின்மேல் அக்கறை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ஒரு கன்று கடிபட்டால் யாரையாவது குற்றம் சொல்வதற்கு முன் கடிவாயைப் பாருங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல் முன்பற்கள் இல்லை. அவை தண்டைப் பற்றி இழுத்துப் பிய்ப்பதால் முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாகச் சீவியது போலச் சுத்தமாக இருக்கும். தரையில் புழுக்கையா, சாணமா, குளம்படி எந்தத் திசையிலிருந்து வருகிறது, வேலியின் எந்த முள்ளில் உரோமம் சிக்கியிருக்கிறது என்று பின்தொடர்ந்தால், உடைந்த இடம் தெரியும். பழுதைச் சரி செய்வதே முதல் வேலை. முயல் தின்ற கன்றுக்காக ஆட்டுக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டு மறுநாள் அவருடைய ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது.

அத்துமீறலுக்கு முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை சிறு தொகை, பிறகு புல் பங்கில் குறைப்பு என்று படிப்படியாக இருக்கட்டும். பெரிய தொகையை வசூலிக்க யாருக்கும் துணிவு வராது. ஒருவரிடம் வசூலித்து மற்றவரை விட்டுவிட்டால் கட்டுப்பாடு அத்தோடு முடிந்தது. அபராதத்தில் பங்கு காவலருக்குப் போகும்படி வைக்காதீர்கள், அது வீண்பழிக்கு வழி. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பிடித்த கால்நடையை 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது அத்துமீறிய கால்நடைகளை அடைக்கும் பொதுப் பட்டியில், சேர்க்கச் சொல்கிறது. ஆனால் பல ஊர்களில் இன்று பவுண்டு இல்லை. ஆகவே பிடித்த மாட்டுக்குத் தண்ணீரும் தீவனமும் கொடுத்து, உரியவரை அழைத்து, குழுவில் இருவர் முன்னிலையில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பதும், நஞ்சு வைப்பதும், அடைத்துப் பட்டினி போடுவதும் குற்றம். ஊரின் நம்பிக்கையையும் அவை அழித்துவிடும். உரியவர் இல்லாமல் திரியும் கோவில் மாடுகளுக்குக் கோவில் நிர்வாகத்தோடு பேசி ஓர் ஏற்பாடு வேண்டும்.

எப்போது, எப்படித் திறப்பது

என்றென்றைக்கும் மூடி வைப்பது நிலத்துக்கும் நல்லதன்று. மேயாமலும் அறுக்காமலும் விட்ட புல் மாசி, பங்குனியில் காய்ந்து நின்று, ஒரு தீப்பொறியில் மூன்றாண்டு உழைப்பைக் கருக்கிவிடும். புல் பூத்து விதை உதிரும் வரை, ஏறத்தாழத் தை மாதம் வரை, மூடி வைத்துவிட்டுப் பிறகு அறுப்பதும், மாடுகளை மட்டும் அளவாக விடுவதும் தீயைத் தடுக்கும். உதிர்ந்த விதையை அவற்றின் குளம்புகள் மண்ணில் அழுத்தவும் செய்யும். வேலியை ஒட்டிய பத்தடிப் பட்டையில் புல்லை முன்னதாகவே அறுத்துத் தீத்தடுப்புக் கோடாக்கிவிடுங்கள்.

மரங்களின் நுனி மாட்டுக்கு எட்டாத உயரத்துக்குப் போய், தண்டு உடல் தேய்ப்பைத் தாங்கும் அளவுக்குத் தடித்த பிறகே முறையான மேய்ச்சல். மானாவாரியில் இதற்கு மூன்று முதல் ஐந்து மழைக்காலம் ஆகும். முதலில் மாடு, அடுத்து செம்மறி, வெள்ளாடு கடைசியாக. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் வெள்வேல் மர நிழலில் கொழுக்கட்டைப்புல்லை வைத்துக்கொண்டு, அடைப்புகளை மாற்றி மாற்றி மேய்க்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. தனியார் நிலத்தில் நடப்பதுதான் என்றாலும், மீண்ட பொது நிலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சுழற்சியில் திறக்க விரும்பும் குழு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. புல்லின் உயரம் பாதியாகக் குறைந்ததும் மந்தையை அடுத்த பகுதிக்கு மாற்றிவிடுவதே விதி. நாள்கணக்கு வேண்டாம், மழையைப் பொறுத்து அது மாறும்.

ஒரு பகுதி திறக்கப்படும் அதே கூட்டத்தில் அடுத்த பகுதியை மூடும் தீர்மானத்தை எடுங்கள். முதல் பகுதியில் உயிர்வேலி எழுந்துவிட்டிருந்தால், அங்கே உள்ள கல்தூண்களையும் கம்பியையும் பிரித்து அடுத்த பகுதிக்குக் கொண்டு போகலாம். புதிதாக வாங்க வேண்டியது ஆணியும் கட்டுக்கம்பியும் மட்டுமே.